எண்பத்து நான்கு கிலோவில் ஒரு திருத்தம்

உங்கள் கதவுக் கைப்பிடியில் கொஞ்சம் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்கும், மன்னிக்க வேண்டும். காய்வதற்குள் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். நானே துடைத்திருப்பேன். வாசலில் இருந்த கான்ஸ்டபிள்தான் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அவசரப்படுத்திவிட்டார்.

நான் வந்தது ஒரு சின்னத் திருத்தம் சொல்ல. எங்கள் தூண்டில் சங்கத்தின் கூடத்தில், குடிதண்ணீர் இயந்திரத்துக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது. எந்த வகை மீனில் யார் பிடித்தது பெரியது, எத்தனை கிலோ என்று அதில் எழுதியிருக்கும். சூரை மீனுக்கு நேராகப் பத்து வருடமாக எங்கள் சங்கத்துப் பேக்கரிக்காரரின் எழுபத்து நான்கு கிலோ இருந்தது. இன்று காலை அது மாறியது. இப்போது அங்கே எண்பத்து நான்கு என்றும், பக்கத்தில் என் அக்காவின் கணவர், காலஞ்சென்ற என் அத்தானின் பெயரும் இருக்கின்றன. சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து பலகைமேல் போடும் திரையை விலக்கப்போகிறாள். அந்த வரி தவறு. அதற்குள் அழித்தாக வேண்டும்.

இதைச் சங்கச் செயலாளரிடம் சொல்லவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் அவர் காரணம் கேட்பார். அந்தக் காரணம் உங்கள் இலாகாவைச் சேர்ந்தது.

நான் துறைமுகச் சாலையில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறேன். ரீல் பழுது பார்ப்பேன், ஜிக்குகளுக்குப் பெயிண்ட் அடிப்பேன். எழுத்து அழகாக வரும் என்பதால் பலகையில் எழுதும் வேலையும் என் தலையில்தான் விழும். ஆக, இன்று காலை ஏணியில் நின்று அந்த வரியை எழுதியவனும் நான்தான். எண்ணை எழுதினேன், பெயரை எழுதினேன். "கிலோ" என்று எழுதப் போனபோது மனசு ஒப்பவில்லை. இறங்கி நேரே இங்கே வந்துவிட்டேன்.

எங்கள் சங்கத்தில் விதிகள் இருபத்திரண்டு. இருபத்தொன்றை யாரும் படித்ததில்லை. மிச்சமுள்ள ஒன்று எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். மீன் கடித்த நொடியிலிருந்து அது படகின் பக்கத்தில் வரும்வரை, பிடிப்பவரைத் தவிர வேறு யாரும் தூண்டில் கோலையோ, ரீலையோ, அதில் சுற்றிய நரம்புக் கயிற்றையோ தொடக்கூடாது. தொட்டால் மீன் மீன்தான், பொரித்துச் சாப்பிடலாம், ஆனால் பலகைக்கு வராது.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் டாக்டர். தங்கமான மனிதர். ஊரில் பாதிப் பேருடைய வாய்க்குள் எட்டிப் பார்த்தவர், ஆனால் ஒருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. அவருக்குப் பொய் சொல்லவே வராது. அப்படிப்பட்டவர்களோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தலாம், ஒரே படகில் மீன் பிடிப்பதுதான் கஷ்டம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு சூரை மாட்டியது. ஒரு மணி பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். கடைசியில் தளத்திலிருந்த ஈரத்தில் என் கால் லேசாக வழுக்கியது. பின்னால் நின்ற அத்தான் கோலின் அடியில் இரண்டு விரலை வைத்துத் தாங்கிவிட்டு உடனே எடுத்துவிட்டார். எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது. படகோட்டி முன்பக்கம் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கரையில் நிறுத்துப் பார்த்தால் எழுபத்தொன்பது கிலோ. பேக்கரிக்காரர் முகம் வேகாத ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. செயலாளர் படிவத்தை எடுத்து, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார், யாராவது தொட்டார்களா என்று. நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அத்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"நான் தொட்டேன் சார். ரெண்டு விரல்தான். ஆனா தொட்டேன்."

தொட்டவரும் அவரே, சொன்னவரும் அவரே. செயலாளர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அத்தானுக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் அந்தக் கதையைச் சொல்லி, விரலைக் காட்டி, "இவன் மீனை நான்தான் கெடுத்தேன், தப்பு என் மேலதான்" என்று வருத்தப்படுவார். தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? எல்லோரும் சிரிப்பார்கள், அக்காதான் முதலில் சிரிப்பாள். கொஞ்ச நாளில் எனக்கு ரெண்டு விரல் என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. தொட்டவர் அவர், பட்டம் எனக்கு. என் கடைக்கு ஐந்தடியில் பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனாலும் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் "ரெண்டு விரல் கடையா, நேரா போங்க" என்பார்கள். ஒரு தடவை கூரியர் பொட்டலமே அந்தப் பெயரில் வந்து சேர்ந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆறு வருடமும் ஒரு வாரம் தவறாமல் அவரோடு கடலுக்குப் போயிருக்கிறேன். கோபம் இருப்பவன் போவானா?

போனது மட்டுமில்லை, அவருக்கு ஜிக் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஜிக் என்பது ஈயத்தில் வார்த்த மீன் பொம்மை. கால் கிலோ எடை இருக்கும். நீளமானது கல் மாதிரி இறங்கும். குட்டையாகத் தட்டையாக இருப்பது காய்ந்த இலை மாதிரி ஆடி ஆடி இறங்கும். கொக்கி வாலில் இருக்காது, தலையில் சின்னக் கயிற்றில் தொங்கும், ஏனென்றால் சூரை தலையைப் பார்த்துத்தான் அடிக்கும். நரம்பில் பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும். ஆறு நிறம் போனால் அறுபது மீட்டர். எந்த ஆழத்தில் மீன் நிற்கிறது என்பதைப் படகிலுள்ள திரை காட்டிவிடும். அதற்குக் கொஞ்சம் கீழே ஜிக்கை இறக்கி, ஒரு தூக்கு ஒரு சுற்று, ஒரு தூக்கு ஒரு சுற்று என்று மேலே கொண்டுவர வேண்டும். ஆரம்பக்காரர்கள் ஆவேசமாக இழுப்பார்கள். அத்தான் இழுத்தது வலிக்காமல் பல் பிடுங்குகிறவர் மாதிரி இருக்கும். இழுக்கும்போது மீன் பார்க்கும், கடிப்பது பெரும்பாலும் விடும்போதுதான். மேலே போய்க்கொண்டிருப்பது திடீரென்று தளர்ந்து சரிகிற அந்த ஒரு நொடியில். இது எல்லா ஜீவனுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் போனோம். படகோட்டிக்கு முந்தின நாள் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. பிடுங்கியது அத்தான்தான். இன்னும் தள்ளிப்போடாதீங்க, வியாழக்கிழமையே போய்க் காட்டுங்க என்று படகோட்டியிடம் சொன்னது நான். அவர் கன்னம் இட்லிப் பானை மாதிரி வீங்கியிருந்தது, பார்க்கப் பாவமாக இருந்தது. நான் படகு ஓட்டுவேன், அதற்குச் சான்றிதழ் இருக்கிறது.

அத்தானுக்கு இடுப்பு வலி. நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்கிறவர் இல்லையா. அதனால் அவருக்கென்று ஒரு இடுப்புப் பட்டை கொண்டுபோயிருந்தேன். அதன் இரண்டு பக்கக் கொக்கிகளையும் ரீலில் மாட்டிவிட்டால் மீனின் இழுப்பு கைக்கு வராது, உடம்பு முழுக்கப் பரவும். பெரிய மீனுக்கு எல்லோரும் போடுவதுதான். இடது பக்கக் கொக்கி கொஞ்சம் இறுக்கம், இழுப்பு இருக்கும்போது கழற்ற வராது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, சொல்லவில்லை. மிதவைச் சட்டைக்கு மேல் அந்தப் பட்டை சரியாக உட்காராது என்பதால் சட்டையை அவரே கழற்றினார். நான் வாங்கி மடித்து வைத்தேன்.

இன்னொன்று, ரீலைப் படகோடு ஒரு கயிற்றால் கட்டி வைப்பது வழக்கம். கை நழுவினாலும் ரீல் கடலுக்குள் போய்விடக்கூடாது. நல்ல ரீல் கிடைப்பது சுலபமில்லை. மனிதனைக் கட்டும் வழக்கம் எங்கள் சங்கத்தில் இல்லை. இதைப் பற்றி நீங்கள் செயலாளருக்கு ஒரு ஆலோசனை எழுதலாம்.

காலை ஒன்பதரைக்கு மீன் கடித்தது. ஏழாவது நிறத்தில், ஜிக்கை விடும்போது. கோல் வளைந்த வளைவைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இது எழுபத்தொன்பதுக்கு மேலே என்று. அத்தான் குழந்தை மாதிரி சிரித்தார். "மச்சான், என்னடா இது, லாரியா?" என்று கேட்டார். அவர் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் நான் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தேன். இப்போ விடுங்க, இப்போ சுத்துங்க, மூச்சு விடுங்க அத்தான். ஒரு விரலால்கூடத் தொடவில்லை.

இங்கே ரீலின் பிரேக்கைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரீலின் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். நரம்பு தாங்குகிற எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு அதைத் தராசு வைத்து அளந்து நிறுத்துவோம். மீன் அதற்கு மேல் இழுத்தால் நரம்பு தானாக ஓடும், மனிதன் படகில் இருப்பான். நெம்புகோல் தவறுதலாக அதைத் தாண்டிப் போகாமலிருக்க ஒரு பித்தான் தடுத்துக்கொண்டிருக்கும். தாண்ட வேண்டுமென்றால் பித்தானை ஒரு விரலால் அழுத்தி, இன்னொரு விரலால் நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஆக, இரண்டு விரல். இது நான் அமைத்ததில்லை, ரீலைச் செய்தவர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த ரீலுக்கு முந்தின வாரம் புது பிரேக் தட்டு போட்டதுதான் என் வேலை. பழைய தட்டு தேய்ந்திருந்தது, முழுசாகத் தள்ளினாலும் வழுக்கும். புதுத் தட்டு வழுக்காது.

சூரை களைத்துப்போனால் படகுக்கு அடியில் வட்டம் போடும். வட்டத்தில் நம் பக்கம் வரும்போது நாம் சுற்ற வேண்டும், விலகிப் போகும்போது விட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. இன்னும் இருபது மீட்டர் இருந்தது. நரம்பு படகின் அடியில் உரசியது, உரசினால் அறுந்துவிடும். "இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க அத்தான்" என்றேன். அது நல்ல ஆலோசனை, எந்தப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். அவர் விளிம்புக்கு வந்து முழங்காலை முட்டுக்கொடுத்து நின்றார். விளிம்பு முழங்கால் உயரம்தான். மீன் விலகித் திரும்பியது. அப்போது என் இரண்டு விரல்களை அந்தப் பித்தானிலும் நெம்புகோலிலும் வைத்துத் தள்ளினேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். விழுவதற்கு முன்னால் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தொட்டுட்டியேடா" என்றார். "இனி இது கணக்குல வராதே."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. பயந்து சொல்லவில்லை, எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் எவ்வளவு பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

பிறகு அவர் படகில் இல்லை. கயிறு விறைத்து நின்றது. ஒரு முனையில் படகு, மறு முனையில் ரீல், ரீலில் கொக்கி, கொக்கியில் அத்தான், அவருக்கும் கீழே எங்கோ மீன். எல்லாம் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது, என் முடிச்சு அவிழாது. கத்தி என் இடுப்பில் இருந்தது. ஏன் அறுக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? அறுத்தால் மீன் போய்விடும். ஆறு வருடமாக அவர் ஆசைப்பட்ட மீன். அவர் மேலே வந்து, "ஏன்டா அறுத்தே" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கேட்கிற நிலையில் அவர் இல்லை. பிளாஸ்கில் டீ இருந்தது, நான் குடிக்கவில்லை. அந்த நேரத்தில் குடிப்பது மரியாதை இல்லை.

மீன் ஓய்ந்த பிறகு இழுத்தேன். முதலில் அத்தான், பிறகு மீன். ரேடியோவில் கரைக்குச் சொன்னேன்.

கரையில் உங்கள் ஆட்கள் கேட்டபோது நான் சொன்ன கதை இது. நரம்பின் நுனியில் கட்டியிருக்கும் தடித்த கண்ணாடி நரம்பு வரைக்கும் மீன் மேலே வந்துவிட்டது, அதை நான் கையில் பிடித்துவிட்டேன், மீனைப் பார்க்கிற ஆசையில் அத்தான் எட்டிக் குனிந்தார், அந்த நேரம் பார்த்து மீன் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. நல்ல கதை. எல்லோரும் நம்பினார்கள், விபத்து என்று எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நான் நன்றாகச் சொன்னேன்.

அந்தக் கதைதான் என் காலை வாரிவிட்டது. கண்ணாடி நரம்பு கைக்கு வந்துவிட்டால் மீன் படகின் பக்கத்தில் வந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு யார் தொட்டாலும் விதி மீறல் இல்லை. என் கழுத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னேன், அது அவர் மீனைப் பலகைக்கு அனுப்பிவிட்டது. இத்தனை வருடம் விதிகளோடு பழகியும் எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை. துறைமுகத்தில் அக்கா அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது, ஓரமாகப் பேக்கரிக்காரர் தராசைத் தள்ளிக்கொண்டு வந்தார். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார்கள். எண்பத்து நான்கு. நானும் பார்த்தேன்.

அக்காவை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. மூன்றாம் நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீ பக்கத்துல இருந்தியேடா, அது போதும் எனக்கு" என்றாள். அன்றைக்கு நான் அழுதது நடிப்பில்லை. போன வாரம் அவளே கடைக்கு வந்தாள். "பலகையில நீதான் எழுதணும். அவருக்கு உன் எழுத்துன்னா உயிரு" என்றாள். நான் சரி என்றேன். நேற்றுவரைக்கும் என்னால் முடியும் என்றுதான் நினைத்தேன். இன்று காலை ஏணியில் ஏறி, இரண்டு விரலால் தூரிகையைப் பிடித்தபோது பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, ரெண்டு விரலாலயே எழுதுறீங்களே" என்று சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்தது. அவர்கள் தப்பாகச் சொல்லவில்லை, பாசத்தில் சொன்னதுதான்.

இப்போது நீங்கள் பேனாவை எடுத்துவிட்டீர்கள், கான்ஸ்டபிளும் கதவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். நல்லது. என் அத்தானைக் கொன்றது நான்தான், திட்டம் போட்டுச் செய்தேன், அதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வரியில், மீன் படகை எட்டுவதற்கு முன்னால் நான் ரீலைத் தொட்டேன் என்று தெளிவாக எழுத வேண்டும். சங்கத்துக்கு அது ஒன்றுதான் தேவை. அத்தான் உயிரோடு இருந்திருந்தால் அவரே கையைத் தூக்கிச் சொல்லியிருப்பார். சொல்ல முடியாமல் போனவருக்காக நான் சொல்கிறேன், அவ்வளவுதான். அவர் பெயரில் ஒரு பொய் தொங்குவதை என்னால் தாங்க முடியாது. சனிக்கிழமைக்குள் ஒரு நகல் செயலாளருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? பெயிண்ட் படாமல் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று. ஆறு வருடத்துக்கு முன்னால் என் கோலைத் தொட்டதாகச் சொன்னவர் அத்தான் ஒருவர்தான். படகோட்டி பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இன்றைய தேதியில் அதற்குச் சாட்சி யாரும் இல்லை. பொறாமையில் கேட்கவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அந்த வரியை அழித்தால் பலகையில் இடம் வெறுமையாக இருக்கும், டப்பாவில் பெயிண்டும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. என் எழுபத்தொன்பது கிலோவை யாரும் தொடவில்லை என்றும் இதிலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்கிறீர்களா?